பண்டை இஸ்ரவேலரின் பலியும் காணிக்கையும்

மனிதன் தெய்வத்திற்கு ஒன்றைக் கொடுக்க வேண்டுமென்று முதன்முதல் எண்ணியது எந்நாளில் என்று வரையறுத்துச் சொல்ல இயலாது. வரலாறு எழுதப்படத் தொடங்கிய காலத்திலேயே பலிபீடங்கள் இருந்தன. நைல் நதிக்கரைக் கோயில்களிலும், யூப்பிரத்தீசு தைகிரிசு ஆறுகளின் கரையில் எழுந்த கோயில்களிலும் தெய்வங்களுக்கு நாள்தோறும் உணவு படைக்கப்பட்டது. மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில், மலைப்பாங்கான ஒரு சிறு நாட்டில் வாழ்ந்த இஸ்ரவேல் மக்களும் பலியிட்டனர், காணிக்கை செலுத்தினர். அவர்தம் முறைகளிற் பல அண்டை நாட்டார் முறைகளை ஒத்தவை. சிரியா நாட்டுக் கடற்கரையில் ராஸ் ஷம்ரா என்னும் இடத்தில் 1929-ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட உகரித் நகரத்துக் களிமண் ஏடுகளில், இஸ்ரவேலர் வழங்கிய பலிப்பெயர்கள் சிலவற்றின் இனச்சொற்கள் காணப்படுகின்றன.

பலிபீடம், ஆசாரியர், காணிக்கை, பாவநிவிர்த்தி, ஆட்டுக்குட்டி என்று இன்று கிறிஸ்தவத் திருக்கோயில்களில் ஒலிக்கும் சொற்கள் பலவும் அப்பழைய வழிபாட்டிலிருந்து வந்தவை. மூவாயிரம் ஆண்டுப் பழமையுடைய அச்சொற்களின் பொருளை அறிய வேண்டுமாயின், அவை பிறந்த இடத்திற்குச் செல்லுதல் வேண்டும். அங்கு நாம் இரண்டு வினாக்களை உடன் கொண்டு செல்வோம். கடவுளுக்குக் கொடுத்தல் என்பது யாது? கொடுப்பதற்கு முன் மனிதன் செய்து முடிக்க வேண்டிய கடமை ஏதேனும் உண்டா?

முதற்கண் ஒரு சொல்லை நோக்குவோம். காணிக்கையைக் குறிக்கும் எபிரெயப் பொதுச்சொல் ‘கொர்பான்’ என்பது. அதன் வேர்ப்பொருள் நெருங்குதல். நெருங்கக் கொண்டுவரப்பட்ட பொருளே கொர்பான். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் தம் திருவிருந்து வழிபாட்டைக் ‘குர்பானா’ என வழங்குவதை மாணவர் சிலர் கேட்டிருக்கலாம். இஸ்லாமிய அன்பர்கள் ‘குர்பானி’ என்று கூறுவதையும் கேட்டிருக்கலாம். மூன்றும் ஓரினச் சொற்களே. கடவுளின் பசியைத் தீர்த்தல் என்னும் கருத்து இச்சொல்லில் இல்லை. காடுகளில் உள்ள விலங்குகள் யாவும் தமக்கே உரியவையாயிருக்க, ஆட்டிறைச்சியை நாடிக் கடவுள் காத்திருப்பாரோ என்று சங்கீதப் புலவர் ஒருவர் வினவுகிறார். ஆசரிப்புக் கூடாரத்தின் மேசைமீது வாரந்தோறும் 12 அப்பங்கள் வைக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் வாரம் கழிந்ததும் அவற்றை உண்டவர்கள் ஆசாரியர்களே.

இனி இடத்தையும் காலத்தையும் காண்போம். இஸ்ரவேலர் பாலைநிலத்தில் அலைந்த நாள்களில் ஆசரிப்புக் கூடாரம் அவர்தம் வழிபாட்டிடமாக இருந்தது என்று யாத்திராகமம் கூறுகிறது. பின்னர், கி. மு. பத்தாம் நூற்றாண்டில் சாலொமோன் எருசலேமில் ஆலயம் எடுப்பித்தான் என்பது வேதாகம வரலாறு. அவ்வாலயத்தைக் கி. மு. 586-ஆம் ஆண்டு அளவில் பாபிலோனியர் எரித்தனர். சிறையிருப்பினின்று மீண்டவர்கள் கட்டிய இரண்டாம் ஆலயம் கி. மு. 515-இல் முற்றுப்பெற்றது. அதனை ஏரோது மன்னன் பெரிதும் விரிவுபடுத்தினான். பலிமுறைகளை விரித்துரைக்கும் லேவியராகமம், பழைய மரபுகளைத் தன்னுட்கொண்டு, பாபிலோனியச் சிறையிருப்புக் காலத்திலும் அதனையடுத்த காலத்திலுமே இன்றுள்ள உருவத்தைப் பெற்றது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

எருசலேமிற்கு வெளியேயும் பலிபீடங்கள் இருந்தன. தென்னாட்டுக் கோட்டையாகிய ஆராத்தில் 1960-களில் நிகழ்ந்த அகழாய்வில், யூதா அரசுக் காலத்துச் சிறு கோயில் ஒன்று வெளிப்பட்டது. அதன் பலிபீடம் உளி படாத கற்களால் அமைந்திருந்தது. பீடத்திற்கு வெட்டிய கல் ஆகாது என்னும் யாத்திராகம விதியோடு இது பொருந்துவதைக் காணலாம். உள்ளறையின் வாயிலில் நின்ற இரு தூபபீடங்களில் ஒன்றன்மேல் சாம்பிராணியின் எச்சம் இருந்ததை 2020-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. ஏட்டில் நாம் படிக்கும் வழிபாடு மண்ணிலும் தன் சுவட்டை விட்டுச் சென்றுள்ளது.

இவ்வழிபாட்டை நடத்தியவர்கள் ஆசாரியர். இவர்கள் லேவி கோத்திரத்தில் ஆரோன் குடும்பத்து வழிவந்தோர். மற்றக் கோத்திரங்களுக்கு நாடு பங்கிடப்பட்டபோது லேவியருக்குத் தனி நாடு கிடைக்கவில்லை; 48 ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த மேய்ச்சல் நிலமுமே கிடைத்தன. மக்கள் விளைவிற் பத்தில் ஒரு பங்கை லேவியருக்குக் கொடுத்தனர். அப்பங்கினைப் பெற்ற லேவியர், அதிலும் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தனர். பிறர் கொடையால் வாழ்பவனுக்கும் கொடுக்கும் கடமை உண்டு என்று சட்டம் கருதியது.

பிரதான ஆசாரியன் தன் தோள்களின்மீது இரு கற்களை அணிவான்; கல்லொன்றுக்கு ஆறாகக் கோத்திரங்களின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். அவன் மார்பிலும் 12 கற்கள் பதித்த பதக்கம் உண்டு. மக்களைத் தோளிற் சுமந்து, நெஞ்சில் தாங்கி அவன் கடவுள் முன் நிற்க வேண்டும் என்பதே அவ்வணியின் பொருள். மக்களுக்கு ஆசி கூறுவதும் ஆசாரியர் பணிகளுள் ஒன்று. எருசலேமின் அருகில் கேதெப் இன்னோம் என்னும் இடத்துக் கல்லறையில் 1979-ஆம் ஆண்டு இரு சிறு வெள்ளிச் சுருள்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் எண்ணாகமத்தில் உள்ள ஆசாரிய ஆசீர்வாதத்தின் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் காலம் கி. மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதி அல்லது ஆறாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பர். ஆசாரியர் வாயினின்று பிறந்த ஆசி மொழியை மக்கள் வெள்ளியிற் பொறித்து உடன் வைத்துக்கொண்டனர்.

லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்கள் ஐவகைக் காணிக்கைகளை வகுத்துக் கூறுகின்றன.

முதலாவது, சர்வாங்க தகனபலி. இதன் எபிரெயப் பெயர்க்கு ‘மேலேறுவது’ என்பது பொருள். தோல் மட்டும் ஆசாரியனுக்கு உரியது. ஏனைய யாவும் பீடத்தில் எரிந்து புகையாய் மேலேறும். கொடுத்தவன் தனக்கென்று ஒன்றையும் மீத்துக்கொள்வதில்லை. பலிக்குக் கொண்டுவந்தவன் விலங்கின் தலைமேல் தன் கையை வைப்பான். அதன் குருதியைப் பீடத்தின் பக்கங்களில் தெளிப்பது ஆசாரியன் கடமை. குருதியில் உயிர் இருக்கிறது. உயிரோ கடவுளுக்கு உரியது. ஆதலின் எவரும் குருதியை உண்ணலாகாது என்பது உறுதியான விதி. ஆடும் மாடுமே செல்வமாக விளங்கிய சமுதாயம் அது. ஊனுணவு அவர்களுக்கு அன்றாட உணவாக இருந்ததில்லை. மந்தையில் பழுதற்ற ஒன்றைத் தெரிந்து கொடுத்தல் அக்குடும்பத்திற்குப் பேரிழப்பாகும்.

இரண்டாவது, போஜனபலி. மெல்லிய மாவு, எண்ணெய், சாம்பிராணி ஆகியவை இதற்கு உரியன. ஒரு கைப்பிடி மாவு பீடத்தில் எரிக்கப்படும். எஞ்சியது ஆசாரியருக்கு உணவாகும். புளித்த மாவும் தேனும் பீடத்தில் எரிக்கப்படலாகா; உப்பு மட்டும் ஒருபோதும் குறையலாகாது. உடன்படிக்கையின் அடையாளமாக உப்பு கருதப்பட்டது.

மூன்றாவது, சமாதானபலி. இது விருந்தாக அமைந்த பலி. கொழுப்பு பீடத்திற்கு, மார்க்கண்டமும் வலத்தொடையும் ஆசாரியருக்கு, ஏனைய இறைச்சி கொடுத்தவனுக்கும் அவன் குடும்பத்தாருக்கும். நன்றியறிதலாகச் செலுத்தும் பலியின் இறைச்சியை அன்றே உண்டு தீர்த்தல் வேண்டும், விடியற்காலைவரை வைத்திருக்கலாகாது. ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் எவ்வாறு உண்டு முடிக்கும்? அண்டை அயலாரை அழைத்தே ஆக வேண்டும். நன்றியைத் தனியே நுகராமல் பலரோடு பகிர்ந்துகொள்ளச் செய்வதே இவ்விதியின் நோக்கமென்று உரையாசிரியர் சிலர் விளக்குவர்.

நான்காவது, பாவநிவாரணபலி. அறியாமற் செய்த பிழைக்கு இது செலுத்தப்படும். இங்கே ஒரு வரிசை உண்டு. பிரதான ஆசாரியன் தவறினால் காளையைக் கொண்டுவர வேண்டும். சபை முழுவதும் தவறினாலும் அதே காளைதான். மக்கள் தலைவன் தவறினால் வெள்ளாட்டுக் கடா. பொதுமக்களில் ஒருவன் தவறினால் பெண்ணாடு. பிரதான ஆசாரியன் ஒருவனுடைய பிழை, நாடு முழுவதும் செய்த பிழைக்கு நிகராக நிறுக்கப்பட்டது. உயர்ந்த இடத்தில் இருப்பவனுக்குச் சலுகை காட்டும் சட்டங்களை உலக வரலாற்றில் நிரம்பக் காண்கிறோம். இச்சட்டமோ அவன்மீது மிகுந்த சுமையை ஏற்றியது.

இதே சட்டம் ஏழையையும் மறக்கவில்லை. ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களையோ புறாக்குஞ்சுகளையோ கொண்டு வரலாம். அதற்கும் வழியில்லையேல், ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 2 லிட்டர் மாவு போதும். அம்மாவில் எண்ணெயும் வேண்டா; சாம்பிராணியும் வேண்டா. ஆட்டைக் கொண்டுவந்தவனுக்குக் கூறப்படும் அதே மன்னிப்பு, கூடையில் மாவு கொண்டுவந்தவனுக்கும் கூறப்படும். பிள்ளைப்பேற்றிற்குப் பின் தாய் செலுத்த வேண்டிய காணிக்கையிலும் இத்தகைய சலுகை உண்டு. இயேசுபெருமானின் தாய் மரியாள் ஆலயத்திற்கு வந்தபோது செலுத்தியது பறவைக் காணிக்கையே என்று லூக்கா சுவிசேஷம் குறிக்கிறது. அக்குடும்பத்தின் எளிமையை அவ்வொரு குறிப்பினாலேயே நாம் அறிந்துகொள்கிறோம்.

ஐந்தாவது, குற்றநிவாரணபலி. நாம் கொண்டுவந்த இரண்டாம் வினாவிற்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. ஆதலின் சற்றுப் பொறுமையாக இதனை நோக்குதல் வேண்டும்.

ஒருவன் தன்னிடம் அடைக்கலமாக வைக்கப்பட்ட பொருளை இல்லையென்று சாதித்தான். அல்லது பிறன் பொருளைப் பறித்தான். அல்லது வழியிற் கிடந்த பொருளைக் கண்டெடுத்து, காணவில்லையென்று பொய்யாணையிட்டான். பின்னர் அவன் மனம் உறுத்துகிறது. அவன் என்ன செய்ய வேண்டும்? உடனே ஓர் ஆட்டுக்கடாவைப் பிடித்துக்கொண்டு ஆலயத்திற்கு ஓடிவிடலாமா? கூடாது என்கிறது லேவியராகமத்தின் ஆறாம் அதிகாரம். எடுத்த பொருளை முழுமையாக உரியவனிடம் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். அதனோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டியும் கொடுத்தல் வேண்டும். 100 காசு எடுத்தவன் 120 காசாகக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே கடா. அதன் பிறகே ஆசாரியன். அதன் பிறகே மன்னிப்பு. எண்ணாகமம் இதனோடு மற்றொன்றையும் சேர்க்கிறது: தான் செய்த பாவத்தை அவன் வாய்விட்டு அறிக்கையிடவும் வேண்டும்.

இச்சட்டம் பிறனுக்குச் செய்த தீங்கைக் கடவுளுக்குச் செய்த துரோகமென்றே கூறுகிறது. ஆயினும் கடவுளிடம் மட்டும் கணக்கைத் தீர்த்துக்கொள்ள அது இடந்தரவில்லை. பீடத்திற்குச் செல்லும் பாதை, வஞ்சிக்கப்பட்டவனுடைய வீட்டு வாயில் வழியாகவே செல்கிறது.

ஆண்டிற்கொரு முறை வரும் பாவநிவிர்த்தி நாளுக்கும் இதே நெறி பொருந்தும் என்று பிற்கால யூத ஆசிரியர்கள் தெளிவாக்கினர். அந்நாளில் பிரதான ஆசாரியன் தன் பொன்னணி ஆடைகளைக் களைந்து, எளிய சணல்நூலாடை உடுத்து, மகா பரிசுத்த ஸ்தலத்திற்குள் செல்வான். இரு வெள்ளாடுகளில் ஒன்று பலியாகும். மற்றொன்று மக்களின் பாவங்களைச் சுமந்து பாலைவனத்திற்குப் போக்கப்படும். நாட்டின் பாவமெல்லாம் நீங்கும் திருநாள் அது. எனினும், மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையேயுள்ள பிழையை அந்நாள் நீக்குமேயன்றி, மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையேயுள்ள பிழையை, அயலானைச் சமாதானப்படுத்தும்வரை அந்நாளும் நீக்காது என்பது ஏறத்தாழக் கி. பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூத நூலின் தீர்ப்பு.

பலியைப் பற்றியே பேசினோம். மகிழ்ச்சியோடு கொண்டுவந்த காணிக்கை ஒன்றையும் காண்போம். அதுவே முதற்பலன். அத்தியோ திராட்சையோ மாதுளையோ தன் நிலத்தில் முதன்முதல் முற்றக் கண்ட உழவன், அக்கனியைக் கோரையினால் கட்டி, இது முதற்பலன் என்று அடையாளம் இடுவான். பின்னர் வட்டாரத்து மக்கள் ஓரூரில் கூடி, இரவு அவ்வூர் வெளியிலேயே தங்கி, விடிந்ததும் எருசலேமை நோக்கிப் புறப்படுவார்கள். முன்னே ஒரு காளை நடக்கும். அதன் கொம்புகளில் பொற்பூச்சும், தலையில் ஒலிவ இலை மாலையும் விளங்கும். குழலோசை வழிநெடுக ஒலிக்கும். நகரத்துக் கைத்தொழிலாளர் எழுந்து நின்று, அவர்களுடைய ஊர்ப்பெயரைச் சொல்லி உடன்பிறந்தோரென வரவேற்பார்கள். ஆலய மலையை அடைந்ததும், அகிரிப்பா மன்னனே ஆயினும் தன் கூடையைத் தானே தோளிற் சுமந்து செல்ல வேண்டும். செல்வர் பொன்னும் வெள்ளியும் வேய்ந்த கூடைகளில் கொண்டு வருவர். எளியவர் உரித்த அலரி மிலாறுகளால் முடைந்த கூடைகளில் கொண்டு வருவர். இவையெல்லாம் மிஷ்னா வரைந்து காட்டும் காட்சிகள்.

கூடையை வைக்கும்போது உழவன் ஒரு வாசகத்தைச் சொல்லுதல் வேண்டும். உபாகமத்தில் உள்ள அவ்வாசகம் ஒரு சிறு வரலாறு. என் முன்னோன் நிலையின்றி அலைந்த அந்நியன். எகிப்தில் நாங்கள் அடிமைகளாயிருந்தோம். கடவுள் எங்களை மீட்டு இந்நிலத்தைத் தந்தார். அதன் முதற்கனி இதோ என்பது அதன் கருத்து. அதன்பின் அவன் தன் வீட்டாரோடும், நிலமற்ற லேவியனோடும், ஊரில் தங்கிய அந்நியனோடும் மகிழ்ந்திருக்க வேண்டும். தன் முன்னோர் அகதிகள் என்பதை நினைவுகூர்ந்தவன், தன் காலத்து அகதியைப் பந்தியிலிருந்து எழுப்பலாகாது. மூன்றாண்டுக்கொருமுறை பத்தில் ஒரு பங்கு அவ்வூரிலேயே லேவியருக்கும், அந்நியருக்கும், தந்தையற்றோருக்கும், விதவைகளுக்கும் ஒதுக்கப்பட்டதும் இக்கருத்தினாலேயே.

இவ்வாசகத்தைப் பற்றி மிஷ்னா கூறும் செய்தியொன்று ஆசிரியராயிருந்த எவர் மனத்தையும் தொடும். தொடக்கத்தில், படிக்கத் தெரிந்தவர் தாமே வாசகத்தைச் சொல்வர். தெரியாதவருக்கு ஆசாரியர் சொல்லிக்கொடுப்பர். நாளடைவில், தெரியாதவர்கள் நாணி, முதற்பலன் கொண்டு வருவதையே நிறுத்திக்கொண்டனர். அதனைக் கண்ட பெரியோர், தெரிந்தவர் தெரியாதவர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் வாசகத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என விதித்தனர். கல்லாத ஒருவன் கடவுள் முன் தலைகுனிந்து நில்லாதிருக்க, கற்றவர் அனைவரும் கல்லாதவர்போல் பின்பற்றிச் சொல்ல இசைந்தனர். பள்ளிக்கூடங்கள் இன்றும் கற்றுக்கொள்ள வேண்டிய பண்பு இது.

நல்ல ஏற்பாடுகளும் கெடுவதுண்டு. கி. மு. எட்டாம் நூற்றாண்டில் ஆமோஸ் என்னும் தீர்க்கதரிசி தோன்றினார். அந்நாளில் பீடங்களில் பலிகள் குறைவின்றி நடைபெற்றன. ஏழைகளோ ஒரு சோடி மிதியடிக்காக விற்கப்பட்டனர். உங்கள் விழாக்களையும் பலிகளையும் கடவுள் விரும்பவில்லை. நீதி வற்றாத ஆறாக ஓடட்டும் என்னும் கருத்தில் அவர் முழங்கினார். ஏசாயாவும் மீகாவும் அதே குரலை எழுப்பினர். தம்மிடத்தில் பலியைவிட இரக்கமே ஏற்புடையது என்று கடவுள் கூறுவதாக ஓசியா உரைத்தார். பலியை அடியோடு ஒழிப்பது இவர்கள் நோக்கமன்று. நீதியினின்று பிரிந்த பலியையே இவர்கள் கண்டித்தனர் என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. குற்றநிவாரணபலியின் சட்டம் ஒரு மனிதனுக்குச் சொன்னதை, இவர்கள் ஒரு நாட்டிற்குச் சொன்னார்கள்.

இயேசுபெருமானின் காலத்தில் ‘கொர்பான்’ என்ற சொல்லுக்கே கேடு வந்தது. ஒருவன் தன் பொருளைக் ‘கொர்பான்’ என்று அறிவித்துவிட்டால், அதிலிருந்து முதிய தாய்தந்தையருக்கு உதவ வேண்டியதில்லை என்று சிலர் வாதித்தனர். கடவுளை நெருங்குவதைக் குறித்த சொல், பெற்றோரை விலக்கும் கருவியாயிற்று. அதனை அவர் வன்மையாகக் கண்டித்ததை மாற்கு சுவிசேஷம் கூறுகிறது.

ஆலயத்தில் காணிக்கை இடுவதற்கு எக்காளம்போல் அமைந்த 13 பெட்டிகள் இருந்தன. ஏழை விதவை ஒருத்தி இரண்டு சிறு செப்புக்காசுகளை இட்டதையும், அவளே மற்றெல்லாரிலும் மிகுதியாகக் கொடுத்தவள் என்று இயேசு உரைத்ததையும் அறியாதார் இலர். விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நெடுநேரம் செபிக்கும் வேதபாரகரை அவர் கண்டித்த செய்தி, அதற்குச் சற்று முன்னரே வருகிறது என்பதைப் பலர் கருதுவதில்லை. அவ்வாலயத்திலேயே ‘இரகசிய அறை’ என்ற ஒன்றும் இருந்தது என மிஷ்னா கூறுகிறது. கொடுப்பவர் மறைவாக அதில் இட்டுச் செல்வர். நற்குடியிற் பிறந்து வறுமையுற்றோர் மறைவாக அதிலிருந்து பெற்றுச் செல்வர். கொடுத்தவன் பெயரும் வெளியாகாது. பெற்றவன் மானமும் குறையாது.

மலைப்பிரசங்கத்தில் இயேசு கூறிய ஒன்றை இங்கு நினைவுகொள்ள வேண்டும். காணிக்கையோடு பீடத்தருகே நிற்கும் ஒருவனுக்கு, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்பது நினைவிற்கு வருமாயின், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுச் சென்று, முதலில் ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்துக என்றார் அவர். இதனைக் கேட்டவர்கள் கலிலேயர். பீடமோ எருசலேமில் உள்ளது. இடையிலுள்ள தொலைவு 100 கிலோமீட்டருக்கும் மேல். கால்நடையாகப் பல நாள் பயணம். அவ்வளவு தொலைவு வந்தவன், பீடத்தைக் கண்ணெதிரே கண்டபின்னும் வந்த வழியே திரும்பி, ஊர் சென்று, பகைத்தவன் கதவைத் தட்டி, மீண்டும் அவ்வளவு தொலைவும் நடந்து வர வேண்டும். பழைய சட்டம் பொருளை இழந்தவனைப் பற்றிப் பேசியது. இயேசு மனம் புண்பட்டவனையும் அதனுட் சேர்த்தார்.

கி. பி. 70-ஆம் ஆண்டு தீத்துவின் தலைமையில் உரோமப் படை எருசலேமை அழித்தது, ஆலயம் எரிந்தது. காலையும் மாலையும் ஒவ்வோர் ஆட்டுக்குட்டியாக நடைபெற்று வந்த நித்திய பலி நின்றது. ஆலயத்தின் குத்துவிளக்கையும் மேசையையும் எக்காளங்களையும் உரோமர் தூக்கிச் செல்லும் காட்சியை, உரோமாபுரியில் உள்ள தீத்துவின் வளைவில் இன்றும் காணலாம். பாழடைந்த ஆலயத்தைக் கண்டு, பாவநிவிர்த்திக்கு இடமில்லாது போயிற்றே என்று ரபி யோசுவா வருந்தியபோது, அவருடைய ஆசிரியர் யோகனான் பென் சக்காய், அதற்கு ஒப்பான வேறொன்று நமக்கு உண்டு, அதுவே இரக்கச்செயல் என்று தேற்றி, ஓசியாவின் வாக்கைச் சான்று காட்டினார் என்பது யூத மரபு. அதே ஓசியாவின் வாக்கை இயேசு இருமுறை எடுத்தாண்டதாக மத்தேயு சுவிசேஷம் கூறுகிறது. பிரிந்து சென்ற இரு சமயங்களும் ஒரே தீர்க்கதரிசியின் சொல்லில் ஊன்றி நின்றன.

கிறிஸ்தவர்கள் தம் ஆண்டவரின் சிலுவை மரணத்தைப் பழைய பலிகளின் மொழியிலேயே புரிந்துகொண்டனர். பிரதான ஆசாரியர்கள் ஆண்டுதோறும் திரும்பத்திரும்பச் செய்ததைக் கிறிஸ்து தம்மையே கொடுத்து ஒரே முறையில் நிறைவேற்றினார் என்பது எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் மையக் கருத்து. அவ்வொரே பலி திருப்பலியில் நம்முன் நிகழ்வதாகிறது என்பர் கத்தோலிக்கர். முடிந்துபோன அப்பலியை நன்றியோடு நினைவுகூர்தலே திருவிருந்து என்பர் சீர்திருத்தச் சபையினர் பலர். இவ்வேறுபாட்டினிடையே ஒன்றில் இருசாராரும் இசைவர்: இனி விலங்கின் உயிர் வேண்டுவதில்லை, மனிதன் தன் வாழ்வையே உயிருள்ள காணிக்கையாகக் கொடுத்தல் வேண்டும். எபிரெயர் நிருபத்தின் இறுதி அதிகாரம் எஞ்சிய பலிகளாக இரண்டைச் சுட்டுகிறது. ஒன்று இறைவனைத் துதித்தல். மற்றொன்று நன்மை செய்து பகிர்ந்து வாழ்தல். இரண்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் உரோமாபுரியில் வாழ்ந்த ஜஸ்டின் என்பார், ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை தந்தையற்றோர், விதவையர், நோயாளர், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோர்க்குச் செலவிடப்பட்டதை எழுதி வைத்திருக்கிறார்.

நம் நாட்டுத் திருச்சபைகளிலும் இம்மரபின் கிளைகளைக் காண்கிறோம். நெல்லைச் சீமையில் அறுப்பின் பண்டிகைக்கு நெல்லும் வாழைத்தாரும் கருப்பட்டியும் ஆலயத்திற்கு வருகின்றன. இவை முதற்பலனின் தொடர்ச்சி. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் வழக்கம் போஜனபலியின் கைப்பிடி மாவை நினைவூட்டும். ஊரார் ஒருங்கே அமர்ந்து உண்ணும் அசன விழாவில் சமாதானபலியின் விருந்து தெரிகிறது. இவற்றில் நம் மக்கள் குறைவைக்கவில்லை. அரிதாகக் காணப்படுவது குற்றநிவாரணபலிதான். பாகப்பிரிவினையில் தம்பியின் பங்கைக் குறைத்தவன் கோபுரத்திற்கு மணி வாங்கிக் கொடுப்பதுண்டு; கூலியைப் பிடித்துக்கொண்டவன் தன் பெயர் பொறித்த விளக்கைக் காணிக்கையாக்குவதுண்டு. பழைய ஆசாரியனாயின் அவர்களை வாயிலிலேயே நிறுத்தி, முதலில் நூற்றுக்கு நூற்றிருபதாகத் திருப்பிக் கொடுத்து வருக என்று அனுப்பியிருப்பான்.

மாணவர்களே, உங்களுக்குப் பாகப்பிரிவினையும் கூலிக்கணக்கும் இன்னும் வரவில்லை. ஆயினும் திருப்பிக் கொடாத நூல் ஒன்று உங்கள் அலமாரியில் இருக்கலாம். தோழனிடம் வாங்கி மறந்த கடன் இருக்கலாம். பலர் முன் ஒருவனை நகையாடிப் புண்படுத்திய சொல் இருக்கலாம். நூலைத் திருப்பும்போது அதனோடு ஒரு வருத்தச் சொல்லையும், கடனைத் தீர்க்கும்போது அதனோடு சிறிது மிகுதியையும் சேர்த்துக் கொடுங்கள். பழைய சட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு அதுவே. நகையாடியது பலர் முன்னாயின், வருத்தம் தெரிவிப்பதும் பலர் முன்னாக இருக்கட்டும். எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் இது உங்களுக்கு இயலும். கிறிஸ்தவ மாணவராயின், வருகிற ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு உங்களை அடைவதற்கு முன், சனிக்கிழமையே இதனைச் செய்து முடியுங்கள்.